இருபத்தெட்டு அடி நேர்கோடு

முதல் அடியில் தரை உடையவில்லை, கடப்பாறைதான் வளைந்தது.

பீர் முஹம்மது மேஸ்திரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கூட வந்த இரண்டு ஆட்களும் பார்த்தார்கள். கூடத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்த வீட்டுக்காரர் சுவாமிநாதனும் பார்த்தார்.

"இத்தப் போட்ட ஆள இட்டாந்து நாலு கேள்வி கேக்கணும் சாமி," என்றார் மேஸ்திரி.

"போட்டது நீர்தான்."

"அதான் சாமி சொல்றேன். அஞ்சு வருசம் முன்னால நீங்க பக்கத்துலயே நின்னுக்கினு, இன்னும் ஜல்லி போடு, இன்னும் ஜல்லி போடுன்னீங்க. இது வூடா, துறைமுகமான்னு நான் அப்பவே கேட்டேன்."

அது நிஜம். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், கூடத்துக்குக் கான்கிரீட் போட்டு, மேலே சிவப்புச் சிமெண்டு இழைத்த முதல் வீடு சுவாமிநாதனுடையது. அவர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். எதையும் அரைகுறையாகச் செய்வது அவருக்குப் பிடிக்காது. நாலு அங்குலம் போதும் என்ற இடத்தில் ஏழு அங்குலம் போடச் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் ஜாதகம் பேசினாலும் சரி, சங்கீதம் பேசினாலும் சரி, பேச்சை மெல்லத் தரையில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட தரை.

ஆனால் அன்றைக்கு அவர் கண் கலங்கியிருந்தது தரைக்காக அல்ல. விடிந்ததும் விடியாததுமாக எழும்பூருக்குப் போய்க் கோமளம் அத்தையை ரயிலேற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

கோமளம் அத்தை அவருடைய தகப்பனாரின் தங்கை. பதினாலு வயதில் எல்லாவற்றையும் இழந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். சுவாமிநாதனுக்கு மூன்று வயதில் தாயார் போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்கு அம்மா என்றால் அத்தைதான். நாற்பத்தாறு வயதிலும் அவள் கலந்து கொடுத்த ரசஞ்சாதம் இறங்கினால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். சமையல் உள் அவளுடைய ராஜ்யம். விசாலாக்ஷி கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அங்கே காப்பி கலக்கும் அதிகாரம் மட்டுந்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் டிரெய்னேஜ் நோட்டீஸ் வந்தது. தெருவுக்குக் கீழே புதிதாகச் சாக்கடைக் குழாய் பதித்தாகிவிட்டது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் பின்கட்டுக் கழிவு ஜலத்தை அதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சுவாமிநாதன் அதை உரக்கப் படித்துக் காட்டினார். அத்தை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர்ச் சாக்கடை தெருவுக்குக் கீழ போனா போகட்டும்," என்றாள். "என் அடுக்களையை ஒட்டிப் போச்சோ, இந்தாத்துல ஒரு வாய் ஜலம் குடிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரம் கழித்து, காஞ்சிபுரத்தில் தம்பி பேத்திக்கு இது எட்டாம் மாதம், ஒத்தாசைக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். ஸ்டேஷனில் சுவாமிநாதன், "எப்ப வருவே அத்தை?" என்று கேட்டார்.

"வேலையெல்லாம் முடியட்டும். பாக்கலாம்."

அந்த 'பாக்கலாம்' அவர் நெஞ்சில் போய்த் தைத்தது. எட்டாம் மாதமாவது, ஒத்தாசையாவது. அத்தை கோபித்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான். சாக்கடை எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அவள் திரும்பி வருவதும் வராததும் என்று வண்டி நகர்ந்தபோதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்த மனசோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தின் நடுவில், கிளம்பிய இருட்டில் அவர் கண்ணில் படாத ஒரு கோடு கிடந்தது. பின்கட்டு வாசலில் ஆரம்பித்து, சமையல் உள்ளையும் பூஜை உள்ளையும் ஒரு பக்கமாக விட்டு, ரேழி வாசல் வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஒரே கோடு.

"ஓவர்சீயர் போட்ட குறியா இது?" என்று மனைவியைக் கேட்டார்.

"அப்படித்தான் இருக்கணும்," என்றாள் விசாலாக்ஷி. "நேத்து சாயங்காலம் நீங்க வரதுக்குள்ளயே வந்தார். டேப்பை வச்சுண்டு ஒரு இடம் பாக்கி இல்லாம அளந்தார். குறி போட்டாச்சு, மேஸ்திரி பாத்துப்பார்னு சொல்லிட்டுப் போனார். நான் உள்ள காப்பி கலந்துண்டிருந்தேன்."

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கோட்டைப் பார்த்தார். "கையா அது? நூலு புடிக்காமப் போட்டுக்கீறாரு பாருங்க சாமி. முப்பது வருசமா வேலை செய்றேன், இப்டி ஒரு கோடு பாத்ததில்ல."

சுவாமிநாதனுக்குச் சந்தேகம். பூணூல் சுற்றும் நூற்கண்டைக் கொண்டுவந்து, ஒரு முனையை விசாலாக்ஷியிடம் கொடுத்து, மறுமுனையைத் தாம் பிடித்துக்கொண்டு பார்த்தார். இருபத்தெட்டு அடியில் ஒரு மயிரிழை விலகவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறைந்த தூரம் நேர்கோடுதான் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவர், அன்றைக்கு முதல் முறையாக அந்தக் கோடு கோணலாக இருக்கக் கூடாதா என்று ஏங்கினார். சமையல் உள் வாசற்படிக்கும் கோட்டுக்கும் நடுவே சரியாக இரண்டு முழம்.

"கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளிக்க முடியாதா?"

"கவர்மெண்ட் கோடு சாமி. ஒரு வெரல் நவுந்தாலும் என் லைசென்ஸ் பூடும்."

இப்படித்தான் அந்த முதல் கடப்பாறை விழுந்தது, வளைந்தது. மத்தியானம் ராயப்பேட்டையிலிருந்து வேறு கடப்பாறைகளும் பெரிய சம்மட்டியும் வந்தன. சாயங்காலத்துக்குள் ஒரு முழம் உடைந்தது. மேஸ்திரி, தாம் போட்ட தரையைத் தாமே திட்டிக்கொண்டும், நடுநடுவே உடைந்த துண்டை எடுத்து, "பாருங்க, இரும்பு இரும்பு," என்று பெருமைப்பட்டுக்கொண்டும் வேலை செய்தார்.

சுவாமிநாதன் அன்றிரவே டிரெய்னேஜ் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினார். நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் அத்தையைப் பற்றியே இருந்தது. அவள் பட்ட கஷ்டங்கள், அவருக்கு டைபாய்டு வந்தபோது இருபத்தொரு நாள் அவள் கண்விழித்தது, அவளுடைய ஆசாரம் எல்லாம் எழுதி, கடைசி அரைப் பக்கத்தில் ஓவர்சீயர் குறித்த பாதையைத் தயவுபண்ணி மாற்றித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஆறாம் நாள் பதில் வந்தது. அப்போது கூடத்தில் பதினெட்டு அடிக்குப் பள்ளம். சுவாமிநாதன் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நின்று படித்தார்.

"தங்கள் வீட்டுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் பாதையே மிகவும் உசிதமானது. அதில் மாறுதல் செய்ய இடமில்லை. மேற்படி பாதையினால் தங்கள் வீட்டுக்கு யாதொரு சேதமும் நேராது என்று இதனால் அறியவும்."

"யாதொரு சேதமும் நேராதாம்," என்றார்.

விசாலாக்ஷி கையில் அரிவாள்மணையுடன் பள்ளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அத்தைக்கு ஒரு கார்டு எழுதினார். 'இங்கு வேலை நடக்கிறது. உன் அடுக்களைக்கு ஒரு குறையும் வராது. நீ கவலைப்படாதே.' நாலாம் நாள் பதில் வந்துவிட்டது. 'சிரஞ்சீவி சாமாவுக்கு ஆசீர்வாதம். வேலை எந்த மட்டில் இருக்கிறது? நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் நிம்மதியாக இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.'

சுவாமிநாதன் அதை மூன்று தடவை படித்தார். "பாத்தியா விசாலம்? ஒரு வார்த்தை கோபமா எழுதலை."

"கோபமா எழுதலைன்னா கோபம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"உனக்கு அத்தையைத் தெரியாது. கோபம் ஜாஸ்தியானாத்தான் இப்படி எழுதுவா."

அன்று முழுவதும் யோசித்ததில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. சாக்கடை அடுக்களையை விட்டு விலகாது என்றால், அடுக்களை சாக்கடையை விட்டு விலகலாமே. வாசல் பக்கத்து அறை காலியாகத்தான் இருந்தது. அடுப்பை அங்கே கொண்டுபோய்விட்டால் தீர்ந்தது.

"அத்தை போட்ட அடுப்புன்னா," என்று தயங்கினாள் விசாலாக்ஷி.

"அத்தைக்காகத்தானே பண்றேன்."

அது அத்தை தன் கையால் மண் குழைத்துப் போட்ட, பக்கத்தில் இன்னொரு கண் வைத்த கோடி அடுப்பு. பதினேழு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மெழுகிக் கோலம் போட்டு வந்தாள். ஆட்கள் ஜாக்கிரதையாகத்தான் பெயர்த்தார்கள். வாசற்படி தாண்டுவதற்குள் அது மூன்று துண்டாகப் போயிற்று. சுவாமிநாதன் அந்தத் துண்டுகளை ஒரு கோணியில் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதி அனுப்பினார். அவர் அழுதது விசாலாக்ஷிக்கு மட்டுந்தான் தெரியும்.

வாசல் அறையில் இரும்பு அடுப்பு வைத்தார்கள். அங்கே புகைபோக்கி கிடையாது. புகை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மஸ்லின் அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர் உள்ளே வந்து, பெஞ்சியில் உட்கார்ந்து, "காப்பி கிளப் எப்ப ஆரம்பிச்சேள்?" என்று கேட்டார். இது வீடு என்று சொல்ல விசாலாக்ஷிக்கு வாய் வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினாள். மறுநாள் அவர் இரண்டு சிநேகிதர்களோடு வந்து இட்லியும் கேட்டார்.

"நாளைக்கு வடைன்னு நிப்பார்," என்றாள் விசாலாக்ஷி. "நான் பழைய உள்ளுக்கே போறேன். என்னால முடியாது."

இரும்பு அடுப்பு சமையல் உள்ளுக்கே போயிற்று. சுவாமிநாதன் மறுபடி மேஸ்திரியிடம் வந்தார்.

"ரெண்டு முனையும் ஓவர்சீயர் சொன்ன எடத்துலயே இருக்கட்டும். நடுவுல மட்டும் அடுக்களைக்கிட்ட ஒரு வளைசல் குடுத்துச் சுத்திண்டு போனா?"

மேஸ்திரிக்கு அவர் முகத்தைப் பார்க்க மனசு கேட்கவில்லை. லைசென்சை மறந்தார். "செய்யலாம் சாமி. ஆனா பீங்கான் கொழாயி வளையாது. திரும்புற எடத்துக்கு எடம் ஒரு தொட்டி கட்டி மூடி போடணும். அட்ச்சிக்கிச்சுன்னா தொறந்து குத்திவுட."

"எத்தனை தொட்டி?"

"நாலு."

முதல் தொட்டிக்குத் தோண்டிய இடம் கூடத்துத் தூணுக்கு ஒன்றரை அடி தள்ளி. மூன்றடி ஆழம் போனதும் தூண் மெல்ல ஒரு முனகல் முனகியது. அடிக்கல் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. மேலே உத்தரத்திலிருந்து ஐம்பது வருஷத்துத் தூசி எல்லார் தலையிலும் கொட்டியது. யாரும் அசையவில்லை. மேஸ்திரி மட்டும் அண்ணாந்து பார்த்தபடி, சாதாரணக் குரலில், "நைனா, ஓடிப்போய் ரெண்டு சவுக்குக் கட்டை எத்துக்கினு வா," என்று தம் ஆளிடம் சொன்னார்.

இப்படியாக அந்தத் தொட்டி மூடப்பட்டது. வளைசல் கைவிடப்பட்டது. கூடத்தில் பள்ளம், பள்ளத்தின் மேல் இரண்டு பலகை, தூணுக்கு முட்டுக்கொடுத்து இரண்டு சவுக்குக் கட்டை, எல்லாவற்றின் மேலும் சிவப்புப் பொடி. சுவாமிநாதன் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றதாகப் பேச்சு வந்தது.

இருபத்தைந்தாம் நாள் குழாய் பதித்து முடிந்தது. ஓவர்சீயர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் மண்ணை மூடலாம்.

"ஒண்ணு சொல்லட்டுமா சாமி?" என்றார் மேஸ்திரி, பள்ளத்துக்குள் நின்றபடி. "பெரியம்மா வந்துடுவாங்க. நம்ம வூட்லயும் ஒரு பெரியம்மா இருந்தாங்க. கோச்சிக்கினு போவாங்க, தானா வந்துடுவாங்க."

"வந்தா இதைப் பாத்துட்டு அடுத்த வண்டியிலயே திரும்பிடுவா மேஸ்திரி," என்றார் சுவாமிநாதன். "அவ வேணாம்னு சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதை என்னால தடுக்க முடியலை. வளர்த்தவளுக்கு நான் செஞ்சது இதுதான்."

மேஸ்திரி, ஏற்கெனவே சரியாக இருந்த ஒரு மூட்டுக்கு இன்னொரு தடவை சிமெண்டு பூசினார்.

புதன்கிழமை காலை ஓவர்சீயர் நாகராஜ் வந்தார். காக்கிச் சட்டை, காக்கித் தொப்பி. ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். பள்ளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். சவுக்குக் கட்டைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சார், இது என்ன?"

"டிரெய்னேஜ்," என்றார் சுவாமிநாதன்.

"அது தெரியுது. வீட்டுக்குள்ள எதுக்கு?"

"நீங்க போட்ட குறிப்படிதான் தோண்டினோம்."

நாகராஜ் வாருங்கள் என்று ஜாடை காட்டிவிட்டு, வீட்டின் பக்கவாட்டில் இருந்த சந்துக்குப் போனார். உடைத்த கான்கிரீட்டை மேஸ்திரியின் ஆட்கள் அங்கேதான் குவித்திருந்தார்கள். நாகராஜ் காலால் நாலு துண்டைத் தள்ளினார். வெளிச்சுவரில் தாரினால் ஒரு பெரிய அம்புக்குறி தெரிந்தது.

"இதுதான் சார் என் குறி. பின்கட்டிலிருந்து இந்தச் சந்து வழியா நேரே தெருவுக்கு. உங்க வீட்டுல ஒரு செங்கல்லைக்கூடத் தொடவேண்டாம்னுதான் இப்படிக் குறிச்சேன். சேதம் வராதுன்னு ஆபீஸ்லேர்ந்து எழுதினாங்களே, வரலையா?"

"வந்தது," என்றார் சுவாமிநாதன்.

"அப்போ கூடத்துல இருந்த வெள்ளக் கோடு?" என்றார் மேஸ்திரி.

"நான் வீட்டுக்குள்ள கோடே போடலையே."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது வாசலில் ஜட்கா வந்து நின்றது. கோமளம் அத்தை கையில் தூக்குப் பாத்திரத்துடன் இறங்கினாள். பின்னாலேயே பெட்டி இறங்கியது. விசாலாக்ஷி ஓடிவந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அத்தை யாரிடமும் எதுவும் கேட்காமல், காலைக் கழுவிக்கொண்டு, ரேழி வழியாக உள்ளே போனாள். கூடத்து வாசலில் நின்றாள்.

சுவாமிநாதன் சந்திலிருந்து ஓடிவந்து, சிவப்புப் பொடி படிந்த தரையில் அவள் காலடியில் விழுந்தார். "அத்தை, என்னை மன்னிச்சுடு. நான் எவ்வளவோ பாத்தேன். மனு எழுதினேன். அடுப்பை மாத்தினேன், அது உடைஞ்சு போச்சு. வளைச்சுப் பாத்தேன், தூண் சாஞ்சுது. கோடு அந்த வழியாத்தான் இருந்தது அத்தை. நான் என்ன பண்ணுவேன்? நீ கோச்சுண்டு திரும்பிப் போயிடாதே."

பின்னாலேயே வந்த மேஸ்திரியும் ஓவர்சீயரும் ரேழியிலேயே நின்றுவிட்டார்கள். அத்தை குனிந்து அவர் தலையைத் தொட்டாள். பின்கட்டு வாசலிலிருந்து தன் காலடி வரைக்கும் ஓடிவந்த பள்ளத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. புரியாத திகைப்புத்தான் இருந்தது.

"நான் சம்மதிச்சுட்டுத்தானேடா போனேன் சாமா," என்றாள். "கோட்டுக்கு அந்தண்டை உங்க சாக்கடையும் வேலைக்காராளும், இந்தண்டை என் அடுக்களைன்னு, கிளம்பறதுக்கு முன்னாடி அரிசி மாவைக் கரைச்சு நான்தானே கோடு இழுத்து வச்சுட்டுப் போனேன்."